அகித்: பாலாடையா, மோர்க்கட்டியா?

ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு (கி.பி. 628) கைபரிலிருந்து மதீனா திரும்பும் வழியில் நபி (ஸல்) அவர்கள் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணமுடித்தார்கள். அந்த வலீமா விருந்தைப் பற்றி அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அவ்விருந்தில் ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. தோல்விரிப்புகள் விரிக்கப்பட்டன. அவற்றின்மீது பேரீச்சம்பழமும் அகித்தும் நெய்யும் வைக்கப்பட்டன. இம்மூன்றையும் பிசைந்து செய்யும் உணவுக்கு அரபுகள் ‘ஹைஸ்’ என்று பெயரிட்டிருந்தனர்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு மாணவர்களுக்கு இந்த ஹதீஸை நடத்தும்போது ‘தோல்விரிப்பு’ என்ற இடத்தில் விளக்கம் தேவைப்படுவதில்லை. தந்தையோ பாட்டனாரோ தோல் ஷாப்பில் கணக்கெழுதியவராகவோ, ஆவாரம்பட்டைக் குழியருகே நின்றவராகவோ இருப்பார். பேரீச்சம்பழமும் நெய்யும் தெரிந்தவையே. நான்கு பொருள்களில் மூன்று தெரிந்தாயிற்று. நான்காவதாகிய அகித்தில்தான் பாடம் நின்றுவிடும்.

நான் மாணவனாக இருந்த காலத்தில் என் கிதாபின் ஓரத்தில் ‘அகித் – பாலாடை’ என்று எழுதி வைத்தேன். ஆசிரியரான பின்னரும் பல ஆண்டுகள் அதையே சொல்லிக் கொடுத்தேன். அது பிழை என்று தெரிய வந்தது அகராதி வழியாக மட்டுமன்று, அடுக்களை வழியாகவும்தான். ஒரு ரமளானில் ஹைஸ் செய்து பார்க்க விரும்பி, பாலாடைக்குப் பதிலாகக் கோவாவை இட்டுப் பேரீச்சம்பழத்துடன் பிசையச் சொன்னேன். வீட்டார் அனைவரும் விரும்பி உண்டனர். ஆனால் அது ஹைஸ் அன்று. நெய்யில் ஊறிய, திகட்டும் இனிப்பு. வெயிலில் பயணம் செய்யும் ஒரு படைக்கு உணவாகக் கூடிய பொருளாக அது தோன்றவில்லை. எங்கே பிழை என்று தேடத் தொடங்கியதன் விளைவே இக்கட்டுரை.

அகராதிகளும் ஹதீஸ்களும் சொல்வது

இப்னு மன்ளூர் (இறப்பு ஹிஜ்ரி 711/கி.பி. 1311) தொகுத்த ‘லிஸானுல் அரப்’ அகித்தின் செய்முறையையே தந்துவிடுகிறது. கடைந்த பாலை, அதாவது வெண்ணெய் எடுக்கப்பட்ட மோரை, நெருப்பில் காய்ச்சுவர். பின் அதன் நீர் வடியும்வரை விட்டுவிடுவர். எஞ்சும் கட்டியே அகித். அது காய்ந்து கல்லைப்போல் இறுகும். தேவைப்படும்போது நொறுக்கியோ நீரில் கரைத்தோ பயன்படுத்துவர்.

இதற்கு ஹதீஸ் நூல்களிலும் துணைச்சான்று உண்டு. அபூஹுரைரா (ரலி) அவர்கள் அகித் துண்டுகளை உண்டதற்காக உளூச் செய்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. நெருப்புத் தீண்டிய உணவை உண்டால் உளூச் செய்ய வேண்டுமா என்ற விவாதத்தில் இடம்பெறும் செய்தி அது. அச்சட்டம் பின்னர் மாற்றப்பட்டது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. நமக்கு இங்கே தேவையானது வேறு: அகித் நெருப்பில் காய்ச்சப்பட்ட பொருள் என்பது அதில் உறுதியாகிறது. அந்த ஹதீஸில் ‘துண்டு’ என்பதைக் குறிக்க வரும் ‘ஸவ்ர்’ என்ற சொல்லுக்குக் காளை என்றும் பொருள் உண்டு. அகித் இன்னதென்று அறியாத மாணவர் அங்கே காளையை மொழிபெயர்த்துவிட்டு, வாக்கியம் ஏன் பொருந்தவில்லை என்று திகைப்பார்.

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் சிற்றன்னை நபி (ஸல்) அவர்களுக்கு நெய்யும் அகித்தும் உடும்பும் அன்பளிப்பாக அனுப்பினார்கள். நபியவர்கள் முதல் இரண்டை உண்டு மூன்றாவதைத் தவிர்த்தார்கள். நெய்யும் அகித்தும் இங்கும் சேர்ந்தே வருவதைக் கவனிக்க வேண்டும். ஒரே பாலைக் கடைந்தால் கிடைக்கும் இரு பயன்கள் அவை. கொழுப்பு வெண்ணெயாகித் தோல்பைக்குள் நெய்யாகச் சேமிக்கப்படும். எஞ்சிய மோர் அகித்தாகும். கடையும் பையும் தோல். நெய் வைக்கும் ‘உக்கா’வும் தோல். உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் வாற்கோதுமை ரொட்டியின்மீது பிழிந்த நெய் அத்தகைய உக்காவிலிருந்து வந்ததே.

இப்போது பிழை தெளிவாகிறது. பாலாடை என்பது பாலின்மீது படியும் கொழுப்பு. அகித்தோ கொழுப்பு நீங்கியபின் எஞ்சுவது. ஒன்று மற்றொன்றின் மறுதலை. நாம் எழுதி வந்தது வெறும் தோராயமான சொல்லன்று. நேர் எதிரான சொல்.

மோர் வரை ஒரே வழி

அரபியிலும் தமிழிலும் பால் கடந்துவரும் நிலைகளை அருகருகே வைத்துப் பார்த்தால் வியப்பான ஒற்றுமை தெரியும். ஹலீப் என்பது கறந்த பால். ராயிப் என்பது உறைந்தது, நம் தயிர். மகீள் என்பது கடைந்தது, நம் மோர். ஸுப்த் வெண்ணெய், ஸம்ன் நெய். இதுவரை ஒவ்வொரு சொல்லுக்கும் நம்மிடம் பழகிய சொல் உண்டு. மோருக்கு அப்பால் வழிகள் பிரிகின்றன. தமிழர் மோரைக் குடித்துவிடுகின்றனர். அரபுகள் அதைக் காய்ச்சி உலர்த்துகின்றனர்.

காரணம் சுவை மட்டுமன்று. மழைக்குப் பின் புல் தழைக்கும் சில மாதங்களில் ஆடுகளும் ஒட்டகங்களும் மிகுதியாகப் பால் தரும், பிறகு வறட்சி. அந்த மிகுதியை வறட்சிக் காலத்திற்குக் கொண்டு செல்லவும், கூடாரம் பெயர்த்துச் செல்லும்போது சுமை குறையவும் உலர்த்துதலே வழி. ஊர் ஊராக நிலைத்து வாழ்ந்து, தொழுவத்தில் மாடோ எருமையோ கட்டி, நாள்தோறும் கறந்து, இரவில் உறையிட்டு, காலையில் கடைந்த வடஆர்க்காட்டுக் குடும்பத்திற்கு அந்தத் தேவை எழவில்லை. தேவை இல்லாத இடத்தில் பொருள் இல்லை. பொருள் இல்லாத இடத்தில் சொல்லும் இல்லை.

தேவை இருந்த இடங்களில் பொருளும் இருந்தது. நடு ஆசியாவின் துருக்கிய மக்கள் இதன் உறவை ‘குருத்’ என்றனர். ஜோர்தானில் செம்மறி, வெள்ளாட்டுப் பால்தயிரை உலர்த்திச் செய்யும் ‘ஜமீத்’ இல்லாமல் ‘மன்ஸஃப்’ என்னும் இறைச்சி உணவு இல்லை. அம்மன்ஸஃப் 2022இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நம் நாட்டிலேயே சிக்கிம் பகுதியிலும், அண்டை நாடான நேபாளத்திலும் மோரைக் காய்ச்சித் திரித்து, வடித்து, உலர்த்தி ‘சுர்ப்பி’ செய்கின்றனர். ஆக, அகித் இந்திய மண்ணுக்கே அந்நியமானதன்று. தமிழ் மண்ணுக்குத்தான் அந்நியமானது.

பெயரை நம்பினால்

பால் பொருள்களின் பெயர்கள் ஊர் மாறும்போது பொருளும் மாறிவிடுகின்றன. திருக்குர்ஆன் (16:66) பாலைக் குறிக்க ‘லபன்’ என்ற சொல்லை ஆள்கிறது. இன்று எகிப்தில் அச்சொல் பாலையே குறிக்கும். சிரியா, லெபனானில் தயிரைக் குறிக்கும். வளைகுடாக் கடைகளில் மோரைக் குறிக்கும். ரியாத்தில் பணிபுரிந்து திரும்பிய நம்மூர் இளைஞரும் கெய்ரோவில் படித்துத் திரும்பிய ஆலிமும் ஒரே சமையல் குறிப்பை வாசித்தால் இருவேறு பொருள்களை இடுவர்.

முஹம்மது இப்னுல் ஹஸன் அல்பக்தாதீ ஹிஜ்ரி 623இல் (கி.பி. 1226) தொகுத்த ‘கிதாபுத் தபீக்’ இந்தக் குழப்பத்தை அறிந்திருந்ததுபோல் தோன்றுகிறது. இறைச்சியைப் புளித்த பாலில் சமைக்கும் ‘மளீரா’வுக்கு அவர் ‘பாரசீக லபன்’ என்று அடைமொழி சேர்த்து எழுதுகிறார். அது தயிர். பதீஉஸ் ஸமான் அல்ஹமதானீயின் ‘மகாமா மளீரிய்யா’வை வாசித்த நம் மாணவர்கள் இந்த உணவைப் பெயரளவில் அறிவர். பொருளளவில் அதன் உறவு நம் வீட்டிலேயே இருக்கிறது. ஆம்பூர் பிரியாணியில் இறைச்சி வதங்கும்போது ஊற்றும் தயிரும், பக்தாத்தின் மளீராவில் ஊற்றிய தயிரும் செய்யும் வேலை பெரும்பாலும் ஒன்றே: புளிப்பைத் தருவதும் இறைச்சியை மென்மையாக்குவதும். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. பயன் ஒன்று என்றே சொல்கிறேன்.

பாரசீகச் சொல்லாகிய ‘கஷ்க்’ இன்னும் தெளிவான சான்று. இன்றைய ஈரானில் அது அகித்தைப் போன்ற உலர்தயிர். ஆனால் அபுல் ஃபஸ்லின் ‘ஆயினே அக்பரி’யில் வரும் ‘கஷ்க்’ இறைச்சியும் நொறுக்கிய கோதுமையும் நெய்யும் சேர்ந்த உணவு. நம் ஹலீமுக்கு நெருக்கமானது. இன்றைய அகராதியை வைத்து அக்காலக் குறிப்பைச் சமைப்பவர் கோதுமைக்குப் பதில் உலர்தயிரை இட்டுவிடுவார்.

ஆகவே அறியாத பொருளுக்கு மாற்றுத் தேடும்போது பெயரைக் கேட்பது முதல் கேள்வியாக இருக்கக்கூடாது. அது அந்த உணவில் என்ன வேலை செய்கிறது என்பதே முதல் கேள்வி.

ஃபுகஹாக்கள் காட்டிய வழி

இக்கேள்வி நமக்குப் புதியதன்று. தோல் பதனிடும் ஊர்க்காரர்களாகிய நாம் அதன் விடையில்தான் தலைமுறைகளாக வாழ்ந்திருக்கிறோம். மைமூனா (ரலி) அவர்கள் தொடர்பான ஹதீஸில், செத்த ஆட்டின் தோலை நீரும் ‘கரள்’ என்பதும் தூய்மையாக்கும் என்று வருகிறது. கரள் என்பது அரபு நாட்டுக் கருவேல இனத்தின் பதனிடுபொருள். பாலாற்றங்கரையில் குழிகளை வெட்டியவர்கள் அரபு நாட்டிலிருந்து கரளைத் தருவிக்கவில்லை. இங்கே கிடைத்த ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் இட்டனர். ஆவாரம்பட்டை போதாமற்போனபோது தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது. பின்னர் குரோமியம் வந்தது. தோல் பதப்பட்டதா என்றுதான் கேட்டனர். கரளால் பதப்பட்டதா என்று கேட்கவில்லை.

‘ஹிதாயா’ ஆசிரியர் மர்கீனானீ (இறப்பு ஹிஜ்ரி 593/கி.பி. 1197) நாற்றத்தையும் அழுகலையும் தடுப்பது எதுவோ அதுவே பதனிடுதல் என்று வரையறுத்து, வெயிலில் உலர்த்துவதையும் அதில் சேர்க்கிறார். ஷாஃபிஈ அறிஞர்கள் வெறும் வெயில் போதாது, காரமும் துவர்ப்பும் உள்ள பொருள் தேவை என்கின்றனர். அவர்களும் கரளுடன் நின்றுவிடாமல் மாதுளை ஓட்டையும் மாசிக்காயையும் ஏற்கின்றனர். எல்லை எங்கே என்பதில் கருத்து வேறுபாடு. பயனைப் பார்க்க வேண்டும் என்பதில் வேறுபாடு இல்லை.

அகித்தே நேரடியாக இடம்பெறும் சட்டம் ஸதகத்துல் ஃபித்ர். நபியவர்கள் காலத்தில் வாற்கோதுமை, பேரீச்சம்பழம், அகித், உலர்திராட்சை ஆகியவற்றில் ஒரு ஸாவு கொடுத்து வந்ததாக அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். இங்கே நம் இரு மத்ஹபுகளும் இருவகை மாற்றுகளைக் காட்டுகின்றன. ஷாஃபிஈ மத்ஹபில் ஊரின் முதன்மை உணவு எதுவோ அதைக் கொடுக்க வேண்டும். ஆகவே காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அரிசி அளக்கப்படுகிறது. அகித்தையே முதன்மை உணவாகக் கொண்ட நாடோடி மக்கள் அகித்தைக் கொடுக்கலாம். ஹனஃபீ மத்ஹபில் கோதுமை, வாற்கோதுமை, பேரீச்சம்பழம், உலர்திராட்சை ஆகியவை அளவுகோல்கள். காஸானீ (இறப்பு ஹிஜ்ரி 587/கி.பி. 1191) தம் ‘பதாயிஉஸ் ஸனாயிஃ’ நூலில் அகித்தை விலைமதிப்பின் அடிப்படையிலேயே கணக்கிடுகிறார். வேலூர், ஆம்பூர் ஹனஃபீ இல்லங்களில் அரிசி கொடுத்தாலும் பணம் கொடுத்தாலும் அடிப்படை அம்மதிப்பே. உண்ணும் பயன் ஒரு வழி. விலைமதிப்பு மற்றொரு வழி.

ஒரு ரமளானில் ஒருவர் என்னிடம் வந்து, ஹதீஸில் ‘பாலாடைக்கட்டி’ இருக்கிறதே என்று கடையில் விற்கும் சீஸின் விலையைக் கொண்டு ஃபித்ராவைக் கணக்கிட்டுக் காட்டினார். தொகை மலைக்க வைத்தது. அவர் வசதியுள்ளவர், கொடுத்துவிடுவார். வசதியில்லாத ஒருவர் அதைக் கேட்டிருந்தால் தம் கடமை நிறைவேறவில்லை என்றே கலங்கியிருப்பார். அவர் சார்ந்த மத்ஹபில் அகித் அளவுகோலே அன்று. அவர் விலை கேட்ட பொருளோ அகித்தும் அன்று. ஒரு சொல்லின் பிழை வணக்கம்வரை நீள்கிறது.

சீஸ் என்பது வேறு

சீஸுக்கு அரபியில் ‘ஜுப்ன்’ என்று தனிச்சொல் உண்டு. ஹிஜ்ரி 9இல் (கி.பி. 630) தபூக்கில் நபி (ஸல்) அவர்களிடம் ஜுப்ன் கொண்டுவரப்பட்டபோது, கத்தி வரவழைத்து பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தார்கள் என்று இப்னு உமர் (ரலி) அறிவிப்பதாக அபூதாவூதில் வருகிறது. ஜுப்னைப் பொதுவாகக் கன்று, குட்டிகளின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைக் கொண்டு உறையச் செய்வர். இதற்கு ‘இன்ஃபஹா’ என்று பெயர். முறைப்படி அறுக்கப்படாத பிராணியின் இன்ஃபஹா தூய்மையானதா என்பதில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் தூய்மை என்றும், இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் தூய்மையன்று என்றும் கருதினர். இன்றும் சீஸ் பொட்டலத்தைத் திருப்பி உறைபொருளின் மூலத்தை நாம் வாசிப்பது அவ்விவாதத்தின் தொடர்ச்சியே.

அகித்துக்கு இக்கேள்வியே எழாது. மோரின் சொந்தப் புளிப்பும் நெருப்பின் சூடுமே அதைத் திரிக்கின்றன. இரண்டையும் ‘பாலாடைக்கட்டி’ என்ற ஒரே சொல்லால் எழுதினால், ஒன்றின் ஐயத்தை மற்றொன்றின்மீது ஏற்றிவிடுகிறோம்.

நம் அடுக்களையில் அகித்

ஹைஸில் அகித் செய்யும் வேலை என்ன? பேரீச்சம்பழத்தின் மிகு இனிப்பைப் புளிப்பாலும் உப்பாலும் சமன்செய்கிறது; நெய்யின் வழுவழுப்பை உலர்ந்த துகளால் தாங்கிப் பிடிக்கிறது. இப்படிப் பார்த்தால் நம் மாற்றுகள் தாமாகவே விலகுகின்றன. ஆற்காடு மக்கன் பேடாவுக்கு உயிரான கோவா, கொழுப்புடன் சுண்டிய பால். தமிழ் வீடுகளின் திரட்டுப்பாலும் அதன் இனமே. அதில் புளிப்பு இல்லை. பாலாடை கொழுப்பின்மீது கொழுப்பைச் சேர்க்கும். பன்னீர் உலர்ந்ததும் அன்று, புளித்ததும் அன்று. தயிரை அப்படியே இட்டால் பழம் கூழாகிவிடும்.

அகித்துக்கு மிக அருகில் உள்ளது நம் வீட்டு மோர்தான். மோர்க்குழம்பு வைக்கும் பெண்கள் அது கொதித்துத் திரிந்துவிடாமல் அடுப்பருகே காத்து நிற்பர். அவர்கள் எதைத் தவிர்க்கிறார்களோ அதுவே அகித்தின் தொடக்கம். வெண்ணெய் நன்கு எடுத்த புளித்த மோரைச் சிறுதீயில் காய்ச்சினால் வெண்கட்டி தனியாகவும் பச்சைநீர் தனியாகவும் பிரியும். துணியில் வடித்து, ஓர் இரவு தொங்கவிட்டு, சிறிது உப்புச் சேர்த்துப் பிசைந்து, சிறு வில்லைகளாகத் தட்டி, வலைத்துணியால் மூடி வெயிலில் வைக்க வேண்டும். வேலூரின் கத்திரி வெயிலுக்கு இந்த வேலையைக் கற்பிக்கத் தேவையில்லை. உப்பு மோரில் ஊறவைத்து உலர்த்தும் மோர்மிளகாய் வழியாக உலர்ந்த மோரின் சுவையும் நம் நாவுக்குப் பழகியதே. அரபுகள் மிளகாய் இல்லாமல் மோரை மட்டும் உலர்த்தினர், அவ்வளவே வேறுபாடு.

சென்ற கோடையில் எங்கள் வீட்டு மாடியில் இவ்வாறே செய்தோம். நான்காம் நாள் வில்லைகள் கல்லாக இறுகியிருந்தன. கொட்டை நீக்கிய பேரீச்சம்பழத்தை நெய்விட்டுப் பிசைந்து, அவற்றை நொறுக்கிக் கலந்தோம். முதல் கவளத்தில் புளிப்பும் உப்பும் முன்னே வந்தன. இனிப்பு பின்னால் வந்தது. பிள்ளைகள் கோவா இட்டதே மேல் என்றனர். அவர்கள் சொன்னது சுவையைப் பற்றி. அதில் வழக்கு இல்லை. ஆனால் சிறிதளவே உண்டு நெடுநேரம் பசி தாங்கும் பயண உணவாக அது ஏன் இருந்தது என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

மாற்றுப் பொருளை இட்டுச் சமைப்பதில் குறையேதும் இல்லை. பக்தாதிலிருந்து ஆம்பூர் வரை சமையலின் வரலாறே மாற்றுகளின் வரலாறு. சீரகச்சம்பா அரிசியில் பிரியாணி சமைத்த நம்மூர்ச் சமையற்காரர்கள் அதற்காக யாரிடமும் வருத்தம் தெரிவிக்கவில்லை. ஆனால் சமையலில் மாற்று இடுவது வேறு. மொழிபெயர்ப்பில் மாற்று இடுவது வேறு. அடுக்களையில் கோவா இடுபவர் தாம் இட்டது கோவா என்று அறிவார். நூலில் ‘பாலாடை’ என்று வாசிப்பவரோ நபியவர்கள் உண்டது பாலாடையே என்று நம்பிவிடுவார்.

ஆகவே ஹதீஸ் நூல்களைத் தமிழாக்கும் பெருமக்களுக்கும் அரபிக் கல்லூரி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அகித்தை ‘உலர்ந்த மோர்க்கட்டி’ என்று எழுதுவோம், ஜுப்னுக்குப் பாலாடைக்கட்டி என்ற சொல்லை விட்டுவிடுவோம். என் கிதாபின் ஓரத்தில் இருந்த ‘பாலாடை’யை அடித்துவிட்டு ‘மோர்க்கட்டி’ என்று எழுதியிருக்கிறேன். என்னிடம் அந்தப் பிழையைப் பாடமாகக் கேட்டுச் சென்ற மாணவர்கள் இன்று பல ஊர்களில் ஆசிரியர்களாக இருக்கின்றனர். இக்கட்டுரை அவர்களுக்கும் எட்ட வேண்டும் என்பதே என் விருப்பம். அல்லாஹ்வே மிக அறிந்தவன்.